பேசினால் விளம்பரம் வருகிறதே!

(கிழக்கேகோட்டையில் தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இங்கே வந்திருப்பவர்களில் பாதிப் பேரிடம் எனக்கான கேள்வி ஒன்று தயாராக இருக்கிறது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஒருவர் கேட்டுவிட்டார். "வீட்டுல மிக்சி ரிப்பேராயிட்டு, புதுசு வாங்கணும்னு பேசிட்டு இருந்தோம் சார். சாயங்காலம் போனைத் திறந்தா மிக்சி விளம்பரம். அப்போ நாம பேசுறத இது கேட்டுட்டுதானே இருக்கு?" கேட்கிறதா, இல்லையா என்று பார்க்கத்தான் இந்த ஒரு மணி நேரம். ஆனால் போனை விட்டுவிட்டு, முதலில் ஒரு மூக்குக்கண்ணாடியிலிருந்து தொடங்குகிறேன்.

2025 ஜூலை. நம் பத்மநாபசுவாமி கோயில். உள்ளே போகும் கட்டுப்பாடுகளை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆண்கள் சட்டையைக் கழற்றி வேட்டி கட்ட வேண்டும். போன் உள்ளே போகக் கூடாது. 2011இல் நிலவறைகளைத் திறந்த பிறகு காவல் பல மடங்கு கூடிவிட்டது. குஜராத்திலிருந்து தரிசனத்துக்கு வந்த ஒரு முதியவர் கண்ணாடி போட்டுக்கொண்டு உள்ளே போயிருக்கிறார். கண்ணாடியை யார் கழற்றச் சொல்வார்கள்? அதன் ஓரத்தில் ஒரு சின்ன விளக்கு மின்னுவதைக் காவல் பணியில் இருந்த ஒருவர் பார்த்துவிட்டார். விசாரித்தால், அது கேமரா பொருத்திய ஸ்மார்ட் கண்ணாடி. வழக்கும் பதிந்தார்கள். அந்தப் பெரியவர் மனதில் என்ன இருந்தது என்பது எனக்குத் தேவையில்லை. எனக்குப் பிடித்தது அந்தக் காவலாளியின் கண். இத்தனை காவலையும் தாண்டிப் போன ஒரு பொருளை, ஒரு கடுகளவு வெளிச்சம் காட்டிக்கொடுத்தது. அந்த வெளிச்சத்துக்கு என்ன பொருள் என்று தெரிந்த ஒருவர் அங்கே நின்றதால்தான் அது நடந்தது.

அதே கடுகளவு வெளிச்சம் உங்கள் சட்டைப் பையிலும் இருக்கிறது. போனை எடுங்கள். வாட்ஸ்அப்பைத் திறந்து, வீட்டில் யாருக்காவது ஒரு வாய்ஸ் மெசேஜ் பதிவு செய்யத் தொடங்குங்கள். அனுப்ப வேண்டாம். திரையின் மேல் ஓரத்தைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு என்றால் வலது மூலையில் பச்சையாக ஒரு மைக் படமோ புள்ளியோ வரும். ஐபோன் என்றால் ஆரஞ்சுப் புள்ளி. ஐபோனுக்கு இது 2020இல் ஐஓஎஸ் 14 உடன் வந்தது. ஆண்ட்ராய்டுக்கு 2021இல், 12ஆம் பதிப்போடு. பின்வரிசையில் ஒரு அக்கா "இத்தனை நாளா இது சார்ஜ் புள்ளின்னு நினைச்சேன்" என்கிறார். நல்லது. இனிமேல் நினைக்க மாட்டீர்கள். நீங்கள் பேசவில்லை, பதிவு செய்யவில்லை, அப்போதும் அந்தப் புள்ளி நிற்கிறது என்றால் ஏதோ ஒரு ஆப் மைக்கைத் திறந்து வைத்திருக்கிறது. மேலிருந்து கீழே இழுத்து அந்தப் புள்ளியைத் தொட்டால் எந்த ஆப் என்று பெயர் சொல்லும்.

அந்தப் புள்ளி பொய் சொல்லுமா? ஒரு தடவை சொல்லியிருக்கிறது, அதில் நம் ஊர்த் தொடர்பும் உண்டு. 2023 மே மாதம் ட்விட்டர் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், தான் தூங்கிக்கொண்டிருந்தபோது வாட்ஸ்அப் தன் மைக்கைத் திரும்பத் திரும்பத் திறந்ததாகப் படத்தோடு பதிவிட்டார். உலகமே கூச்சல் போட்டது. அப்போது மத்திய தகவல் தொழில்நுட்பத் துறை இணையமைச்சராக இருந்த ராஜீவ் சந்திரசேகர், அரசு இதை ஆராயும் என்றார். ஆம், அடுத்த ஆண்டு இந்தத் தெருக்களில் கும்பிட்டபடி ஓட்டுக் கேட்டு வந்தாரே, அவரேதான். எதிரே நின்று ஜெயித்த சசி தரூரோ, நாடாளுமன்றத்தின் தகவல் தொழில்நுட்ப நிலைக்குழுவுக்குத் தலைவராக இருந்தவர். போன் அந்தரங்கத்தைப் பற்றிப் பேசத் தகுதியான இரண்டு வேட்பாளர்கள் திருவனந்தபுரத்தில் மோதினார்கள். மேடையில் அதைப் பற்றி யாராவது பேசியதாக எனக்கு நினைவில்லை. அது கிடக்கட்டும். கடைசியில் தெரிந்தது, மைக் திறக்கவே இல்லை. எந்த ஆப் மைக்கைத் திறந்தது என்று கணக்கு வைக்கும் ஆண்ட்ராய்டின் பகுதியில்தான் பிழை என்று. கூகுளும் அதை ஒப்புக்கொண்டு சரி செய்தது. கணக்குப்பிள்ளை தவறாக எழுதியதற்குச் சரக்கு திருடுபோயிற்று என்று நாம் கத்தியிருக்கிறோம்.

ஏன் அவ்வளவு சுலபமாக நம்பினோம்? ஏற்கெனவே நம்பிக்கொண்டிருந்தோம். மிக்சிக் கதை எல்லா வீட்டிலும் இருக்கிறது.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் 17,260 ஆண்ட்ராய்டு ஆப்களை எடுத்து, அவை வெளியே என்ன அனுப்புகின்றன என்று பார்த்தார்கள். அவற்றில் 9,000க்கும் மேற்பட்டவை கேமரா, மைக் அனுமதி வாங்கக்கூடியவை. பயனர் அறியாமல் மைக்கைத் திறந்து பேச்சை அனுப்பிய ஆப் ஒன்றுகூட அகப்படவில்லை. ஆனால் யாரும் தேடாத இன்னொன்று அகப்பட்டது. தின்பண்டம் கொண்டுவந்து தரும் ஒரு ஆப், திரையில் நீங்கள் செய்வதை வீடியோவாக எடுத்து வெளி நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. காதைப் பார்த்துக்கொண்டிருந்தோம், கண் வழியாகப் போயிருக்கிறது.

அப்படியானால் மிக்சி விளம்பரம்? பொறுமையாகப் பார்ப்போம். மிக்சி ரிப்பேரானது. நீங்கள் பேசினீர்கள், சரி. உங்கள் மகள் தன் போனில் விலை தேடினாள். இரண்டு போனும் ஒரே வைஃபையில் இருக்கின்றன. சாலைக் கடைத்தெருவில் பாத்திரக் கடை ஒன்றில் ஏறி இறங்கினீர்கள், லொகேஷன் ஆன். கடைசியாக மிக்சி வாங்கி ஏழெட்டு வருஷம் ஆகிறது என்பது நீங்கள் அப்போது ஆர்டர் போட்ட கடைக்குத் தெரியும். இதோடு ஓணம் தள்ளுபடிக் காலமும் சேர்ந்துகொண்டது. உங்களுக்கு மிக்சி விளம்பரம் காட்ட ஒரு வார்த்தையும் ஒட்டுக்கேட்க வேண்டியதில்லை. நாள் முழுக்கப் பேச்சைப் பதிந்து அனுப்பினால் பேட்டரியும் டேட்டாவும் காட்டிக்கொடுத்துவிடும். மற்ற தடயங்களுக்கு அந்தச் செலவும் கிடையாது. அதோடு, பேசியும் விளம்பரம் வராத நூறு விஷயங்களை நாம் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

இதைச் சொன்னால் பலருக்கு ஏமாற்றமாக இருக்கிறது. ஒட்டுக்கேட்கிறான் என்றால் அவன் குற்றவாளி. நாமே எல்லாவற்றையும் அள்ளிக் கொடுத்துவிட்டோம் என்றால் கோபப்பட ஆளில்லை. நான் இங்கே சொல்ல வந்தது இதுதான்: மைக்கைப் பற்றிய பயம் நம்மை மற்ற கதவுகளைப் பார்க்கவிடாமல் செய்கிறது. மைக் அனுமதியை ஒழுங்கு செய்வது நல்லது, கட்டாயம் செய்யுங்கள். ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் பின்வாசல் திறந்தே கிடக்கும்.

இதனால் யாரும் மைக்கைத் தவறாகப் பயன்படுத்தவே இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நடந்த கதைகள் உண்டு. அவை நாம் பயப்படுவதைவிட விசித்திரமானவை. ஸ்பெயின் நாட்டின் லா லிகா கால்பந்து சங்கம் ரசிகர்களுக்காக ஒரு ஆப் வைத்திருந்தது. ஸ்கோர் பார்க்க. மைக், லொகேஷன் இரண்டுக்கும் அனுமதி வாங்கிக்கொண்டது. ஆட்டம் நடக்கும் நேரத்தில் ரசிகரின் போன் சுற்றியிருக்கும் சத்தத்தைக் கேட்டு, 'இங்கே ஆட்டம் ஓடுகிறது' என்று கண்டுபிடிக்கும். இடம் ஒரு பார் என்றால், அந்த பார்காரர் பணம் கட்டித்தான் காட்டுகிறாரா, திருட்டுத்தனமாகவா என்று சங்கம் ஒத்துப்பார்க்கும். ரசிகன் பீர் குடிக்கப் போனால் அவன் போன் அதே கடைக்காரனை உளவு பார்த்தது! 2019 ஜூனில் அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு ஆணையம் இரண்டரை லட்சம் யூரோ அபராதம் போட்டது.

இந்தியக் கதையும் ஒன்று உண்டு. சில்வர்புஷ் என்று நம் நாட்டில் தொடங்கிய நிறுவனம். டிவி விளம்பரத்துக்குள் மனிதக் காதுக்கு எட்டாத ஒரு மெல்லிய ஒலியைக் கலந்துவிடுவார்கள். சோபாவில் கிடக்கும் போனுக்குள் ஏதோ ஒரு விளையாட்டு ஆப்பில் அவர்களுடைய நிரல் ஒளிந்திருக்கும். போன் அந்த ஒலியைக் கேட்டு, இந்த வீட்டில் இந்த விளம்பரத்தைப் பார்த்தார்கள் என்று குறித்துக்கொள்ளும். நீங்கள் என்ன பேசினீர்கள் என்பதில் அதற்கு அக்கறை இல்லை, டிவி என்ன பேசியது என்பதே போதும். 2016 மார்ச்சில் அமெரிக்காவின் வர்த்தக ஆணையம், இந்த நிரலைச் சேர்த்திருந்த 12 ஆப் தயாரிப்பாளர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அடுத்த ஆண்டு ஜெர்மனி பிரவுன்ஷ்வைக் ஆய்வாளர்கள் தேடியபோது 234 ஆப்களில் அது இருந்தது.

காதுக்கு எட்டாத ஒலி என்றதும் திகிலாக இருக்கிறதா? அதே வித்தையை நீங்களும் காசு கொடுக்கப் பயன்படுத்தியிருக்கலாம். 2017 செப்டம்பரில் கூகுள் இந்தியாவில் 'தேஸ்' என்ற பணப்பரிமாற்ற ஆப்பைக் கொண்டுவந்தது. இன்றைய கூகுள் பே அதுதான். பக்கத்தில் இருக்கும் இரண்டு போன்கள் கேட்காத ஒலியால் ஒன்றையொன்று அடையாளம் கண்டு பணம் மாற்றிக்கொள்ளும் வசதி அதில் இருந்தது. அதற்கு மைக் அனுமதி வேண்டும். ஒன்றில் உளவு, இன்னொன்றில் சேவை. ஆகவே மைக் கேட்கும் ஆப் எல்லாம் கெட்டது என்று சூத்திரம் வைத்துக்கொள்ள முடியாது. எதற்குக் கேட்கிறது என்றுதான் பார்க்க முடியும்.

(சாலைக் கடைத்தெருவில் இப்போது எந்தக் கடையிலும் ஒரு ஸ்பீக்கர் பெட்டி 'இத்தனை ரூபாய் கிடைத்தது' என்று தெருவே கேட்க அறிவிக்கிறது. நான் எவ்வளவுக்கு மீன் வாங்கினேன் என்பது இன்று கடைத்தெருவுக்கே தெரியும். இதைப் பற்றி எவரும் புகார் சொல்லி நான் கேட்டதில்லை.)

மைக் வழியாகக் கேட்பவற்றில் மூன்றாவது வகை, நாமே கூப்பிட்டு வைத்த உதவியாளர்கள். சிரி, அலெக்சா, கூகுள் அசிஸ்டன்ட். பெயர் சொன்னால் விழித்துக்கொள்ள வேண்டும் என்றால் எந்நேரமும் பெயருக்காகக் காத்திருக்க வேண்டும். சில நேரம் தப்பாகவும் விழித்துக்கொள்ளும். அப்படிப் பதிந்த துண்டுகளைத் தரம் பார்ப்பதற்காக ஒப்பந்த ஊழியர்கள் கேட்கிறார்கள் என்று 2019இல் வெளியே வந்தது. டாக்டரிடம் பேசியது, படுக்கையறைப் பேச்சு எல்லாம் அதில் இருந்தது. அது தொடர்பான வழக்கில் ஆப்பிள், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல், 9.5 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொள்ள முன்வந்தது. குழந்தைகளின் குரல் பதிவுகளை அழிக்காமல் வைத்திருந்ததற்காக 2023இல் அலெக்சா விஷயத்தில் அமேசான் 2.5 கோடி டாலர் கட்ட வேண்டி வந்தது.

இதில் எனக்கு அதிர்ச்சி கொஞ்சம் குறைவு. நான் தொலைபேசித் துறையில் சம்பளம் வாங்கியவன். ட்ரங்க் கால் காலத்தில் நடுவில் எப்போதும் ஒரு மனிதக் காது இருந்தது. "மூணு நிமிஷம் முடிஞ்சுது, எக்ஸ்டென்ட் பண்ணவா?" என்று கேட்ட குரல் அதுவரை சும்மா இருந்திருக்கும் என்றா நினைக்கிறீர்கள்? தானியங்கி எக்ஸ்சேஞ்சைக் கண்டுபிடித்து 1891இல் காப்புரிமை பெற்ற ஆல்மன் ஸ்ட்ரோஜர் தொழிலால் சவ அடக்கம் செய்பவர். தனக்கு வர வேண்டிய அழைப்புகளைப் போட்டிக்காரருக்கு ஆபரேட்டர் திருப்பிவிடுகிறார் என்ற ஆத்திரத்தில்தான் ஆபரேட்டரே இல்லாத எக்ஸ்சேஞ்சை யோசித்தார் என்று எங்கள் துறையில் கதை சொல்வார்கள். இன்னும் பின்னால் போனால் கௌடில்யர் இருக்கிறார். ஆலோசனை நடக்கும் இடத்தில் பறவைகள்கூடப் பார்க்கக் கூடாது, கிளியும் மைனாவும் ரகசியத்தை வெளியே சொன்னதுண்டு என்று அர்த்தசாஸ்திரம் எச்சரிக்கிறது. அந்த நூலை உரையோடு 1924-25இல் இதே திருவனந்தபுரத்தில் பதிப்பித்தவர், திருநெல்வேலிப் பக்கம் தருவையிலிருந்து வந்த கணபதி சாஸ்திரி. நம்மூர் ஆள். கிளியை வெளியேற்றிவிட்டுப் பேச அரசனுக்கு முடிந்தது. நாம் கிளியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறோம்.

சரி, செட்டிங்ஸுக்கு வருவோம்.

2015 வரை ஆண்ட்ராய்டில் நமக்கு வாயே கிடையாது. ஆப்பை இறக்கும்போது நீளமாக ஒரு பட்டியல் வரும்; எல்லாவற்றுக்கும் சரி என்றால் ஆப், இல்லையென்றால் இல்லை. டார்ச் அடிக்கும் ஆப் லொகேஷன் கேட்கும், நாமும் கொடுத்தோம். 2015இல் வந்த 6ஆம் பதிப்புதான், ஒவ்வொரு அனுமதியையும் தேவைப்படும்போது தனித்தனியாகக் கேள் என்று மாற்றியது. 2018இல் 9ஆம் பதிப்பு, பின்னணியில் சும்மா கிடக்கும் ஆப் மைக்கைத் தொட முடியாதபடி செய்தது. 2020இல் 11ஆம் பதிப்பில் 'இந்த ஒரு தடவை மட்டும்' என்ற தேர்வு வந்தது. பல மாதம் தொடாத ஆப்பின் அனுமதிகளைப் போன் தானாகவே திரும்பப் பெறும் வழக்கமும் அப்போதுதான் தொடங்கியது. ஐந்தாறு வருஷத்துப் போன் வைத்திருப்பவர்கள் எந்தப் பதிப்பில் இருக்கிறோம் என்று பாருங்கள். இந்தப் பாதுகாப்பெல்லாம் பதிப்போடு வருவது. ஆளைப் பார்த்து வருவதில்லை.

செட்டிங்ஸில் பிரைவசி என்று ஒரு பகுதி இருக்கும். தமிழில் வைத்திருந்தால் 'தனியுரிமை'. அதற்குள் பர்மிஷன் மேனேஜர், அதற்குள் மைக்ரோஃபோன். போனுக்குப் போன் பெயரும் இடமும் கொஞ்சம் மாறும்; தேடல் பெட்டியில் 'மைக்' என்று அடித்தாலே பெரும்பாலும் கொண்டுவந்து காட்டும். அங்கே உங்கள் ஆப்கள் கூட்டம் கூட்டமாக நிற்கும்: பயன்படுத்தும்போது மட்டும் அனுமதி உள்ளவை, ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டியவை, அனுமதி இல்லாதவை. அந்தப் பட்டியலைப் பார்த்து ஆச்சரியப்படாதவர் இல்லை. வாட்ஸ்அப்புக்கு மைக் வேண்டும், இல்லாவிட்டால் மகனிடம் துபாய்க்கு எப்படிப் பேசுவது? சினிமா டிக்கெட் ஆப்புக்கு எதற்கு? காலண்டர், பஞ்சாங்கம் காட்டும் ஆப்புக்கு எதற்கு? போட்டோவுக்கு வெள்ளையடிக்கும் ஆப்புக்கு எதற்கு? எடுத்துவிடுங்கள். ஒன்றும் கெட்டுப்போகாது; நிஜமாகவே வேண்டுமென்றால் அது மறுபடியும் கேட்கும், அப்போது எதற்கு என்று உங்களுக்கே தெரியும். சந்தேகமானதை எல்லாம் 'ஒவ்வொரு முறையும் கேள்' என்ற இடத்தில் தள்ளுங்கள். நான் வங்கி ஆப்களையும் அங்கேதான் வைத்திருக்கிறேன்.

ஆண்ட்ராய்டு 12 அல்லது அதற்கு மேல் இருந்தால் இன்னொரு வசதி. திரையை மேலிருந்து இழுத்தால் வரும் பொத்தான்களில் மைக்குக்கென்று ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். அணைத்தால் எல்லா ஆப்புக்கும் ஒரே நேரத்தில் காது அடைபட்டுவிடும். பிறகு வாட்ஸ்அப் அழைப்பில் 'ஹலோ ஹலோ' என்று கத்திவிட்டு என்னைத் திட்டக் கூடாது. பிரைவசி டாஷ்போர்டு கடந்த 24 மணி நேரத்தில் எது எப்போது மைக்கைத் தொட்டது என்று மணிவாரியாகக் காட்டும். ஐபோனில் ஆப் பிரைவசி ரிப்போர்ட் ஏழு நாள் கணக்குச் சொல்லும்.

மைக் முடிந்தது. இனிப் பின்வாசல்.

உங்கள் போனில் ஆபத்தான அனுமதி எது என்று என்னைக் கேட்டால் முதலில் கான்டாக்ட்ஸ் என்பேன். கடன் ஆப்கள் மைக்கை வைத்து யாரையும் மிரட்டவில்லை. உங்கள் கான்டாக்ட்ஸையும் போட்டோக்களையும் எடுத்துக்கொண்டு, படத்தை ஆபாசமாக மாற்றி, மாமனாருக்கும் மேலதிகாரிக்கும் அனுப்புவோம் என்றுதான் மிரட்டினார்கள், அனுப்பவும் செய்தார்கள். 2023 செப்டம்பரில் எறணாகுளம் பக்கம் கடமக்குடியில் ஒரு குடும்பமே இல்லாமல் போனபோது கேரளம் முழுக்க இதைத்தான் பேசியது. ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் போட்ட விதி தெளிவாக இருக்கிறது: கடன் ஆப் உங்கள் கான்டாக்ட்ஸ், அழைப்புப் பட்டியல், ஃபைல்கள் எதையும் தொடக் கூடாது, கேமரா, மைக், லொகேஷன் ஆகியவற்றைக் கேஒய்சிக்காக, உங்கள் சம்மதத்தோடு, ஒரே ஒரு தடவை கேட்கலாம். கான்டாக்ட்ஸ் கேட்கும் கடன் ஆப் எதுவானாலும் அந்த இடத்திலேயே அது விதியை மீறிவிட்டது. வட்டி எத்தனை என்றுகூடப் பார்க்க வேண்டாம், எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது, 'அக்சஸிபிலிட்டி' அனுமதி. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காக ஏற்படுத்திய அருமையான வசதி அது. திரையில் இருப்பதை எல்லாம் படிக்கும். உங்களுக்குப் பதிலாகத் தொடவும் செய்யும். திருடன் கையில் கிடைத்தால் ஓடிபியையும் அதுவே படித்துக்கொள்ளும். மோட்டார் வாகன அபராதம் என்று பரிவாகன் பெயரில் வாட்ஸ்அப்பில் ஒரு ஏபிகே ஃபைல், அதாவது ஆப்பை நிறுவும் ஃபைல், வருமே, கேரளப் போலீஸ் எத்தனை தடவை எச்சரித்திருக்கிறது! கல்யாணப் பத்திரிகை என்ற பெயரிலும் வரும். பத்திரிகை ஏபிகேயாக வராது. யாருடைய கல்யாணமானாலும் வராது.

மூன்றாவது, திரையைப் பகிரும் ஆப்கள். எனிடெஸ்க் மாதிரி ஆப்களை இறக்கச் சொல்லிப் பணம் எடுக்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்தது. வீட்டிலிருந்து அலுவலக வேலை பார்க்க அது நல்ல கருவி. பேங்கிலிருந்து பேசுகிறேன் என்ற குரல் சொல்லி இறக்கினால் அதே கருவியால் கணக்கைத் துடைத்துவிடுவார்கள்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று இருக்கிறது. டிஜிட்டல் அரெஸ்ட். உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள், நாங்கள் சிபிஐ, கேமராவையும் மைக்கையும் அணைக்கக் கூடாது, யாரிடமும் சொல்லக் கூடாது என்று மிரட்டுவார்கள். படித்தவர்கள், ஓய்வு பெற்ற அதிகாரிகள், டாக்டர்கள் நாள்கணக்கில் வீடியோ காலில் உட்கார்ந்திருக்கிறார்கள். குளிக்கப் போவதற்கும் அனுமதி கேட்டு! 2024 அக்டோபரில் பிரதமரே வானொலி உரையில் இதைப் பற்றிப் பேச வேண்டி வந்தது. கவனியுங்கள்: இங்கே எந்த ஆப்பும் திருட்டுத்தனமாக மைக்கைத் திறக்கவில்லை. பச்சைப் புள்ளி நேர்மையாக எரிந்துகொண்டே இருந்திருக்கும். வாட்ஸ்அப்புக்கு அனுமதி கொடுத்ததும் நாம்தான், அந்த அழைப்பை எடுத்ததும் நாம்தான். செட்டிங்ஸால் தடுக்க முடியாத ஒட்டுக்கேட்பு இது. இந்திய நாட்டுச் சட்டத்தில் வீடியோ காலில் கைது என்று ஒன்று கிடையாது. வைத்துவிட்டு, சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் செய்யுங்கள்.

அடுத்தது, மறுமுனையில் இருப்பவர். 2017 மார்ச் 26, ஒரு புதிய மலையாளத் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கிய அன்றே, நம் போக்குவரத்து அமைச்சருடையது என்று ஒரு போன் உரையாடலைப் போட்டது. அன்றே அவர் பதவி விலகினார். சில நாள் கழித்து, அது தாங்களே ஏற்பாடு செய்தது என்று ஒப்புக்கொண்டு அந்தத் தொலைக்காட்சி மன்னிப்புக் கேட்டது. உங்கள் போனை எத்தனை பூட்டுப் பூட்டினாலும், எதிரில் பேசுபவர் கையில் இன்னொரு போன் இருக்கிறது.

வீட்டுக்குள்ளும் இருக்கிறது. மனைவி பேசியதை அவருக்குத் தெரியாமல் பதிவு செய்த கணவர் அதை விவாகரத்து வழக்கில் சாட்சியமாக வைக்கலாமா என்ற கேள்வி பஞ்சாபிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போனது. வைக்கலாம் என்று 2025 ஜூலை 14இல் தீர்ப்பு. ஒருவரையொருவர் வேவு பார்க்கும் நிலைக்கு வந்துவிட்டார்கள் என்றால் அந்த உறவு ஏற்கெனவே உடைந்துவிட்டது என்பது நீதிபதிகளின் பார்வை. எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. சேர்ந்து வாழும் எத்தனையோ வீடுகளில் மனைவியின் போனுக்குப் பாஸ்வேர்டு கணவன் கையில் இருக்கிறது. அங்கே வேவு பார்ப்பது உடைந்த உறவின் அடையாளமாக இல்லை, அன்றாடப் பழக்கமாக இருக்கிறது. தீர்ப்பு அந்தப் பழக்கத்துக்குத் தைரியம் கொடுத்துவிடுமோ என்பது என் கவலை. இங்கிருக்கும் பெண்களுக்கு ஒன்று சொல்கிறேன். போனை வேறொருவர் 'செட் பண்ணித் தந்திருந்தால்', அக்சஸிபிலிட்டி பட்டியலையும், 'டிவைஸ் அட்மின்' பட்டியலையும் ஒருமுறை நீங்களே திறந்து பாருங்கள். உங்களுக்குத் தெரியாத பெயர் இருந்தால் உடனே அழிக்காதீர்கள். அழித்ததும் எதிராளிக்குத் தெரிந்துவிடலாம். நம்பிக்கையான ஒருவரிடம், வேறு போனிலிருந்து, முதலில் பேசுங்கள்.

சட்டம் என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். தொலைபேசி ஒட்டுக்கேட்பு அந்தரங்கத்தில் கை வைப்பது என்று உச்ச நீதிமன்றம் 1996இலேயே சொன்னது. 2017 ஆகஸ்ட் 24இல், கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வு பெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். பிறகு 2023இல் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதில் எனக்குப் பிடித்த பிரிவு ஒன்று உண்டு: சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். இன்று ஒரு தொடலில் கொடுக்கிறோம், திரும்ப எடுக்க ஐந்து திரை தாண்ட வேண்டியிருக்கிறது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, நிறுவனங்களின் முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் வேறு. அரசு தன் அமைப்புகளுக்கு விலக்குக் கொடுத்துக்கொள்ளும் கதவையும் சட்டத்தில் அகலமாகவே வைத்திருக்கிறார்கள்.

அரசு என்றதும் பெகாசஸ் என்ற உளவு நிரல் நினைவுக்கு வரும். அனுமதி கேட்கும் ஜாதி அல்ல அது. அதை விசாரிக்க உச்ச நீதிமன்றம் 2021இல் அமைத்த குழுவில், நம் கொல்லம் பக்கம் அமிர்தபுரியிலிருந்து ஒரு பேராசிரியரும் இருந்தார். 29 போன்களைப் பார்த்தார்கள். ஐந்தில் ஏதோ தீய நிரல், ஆனால் பெகாசஸ் என்று உறுதி சொல்ல முடியாது என்று 2022இல் அறிக்கை. பத்திரிகையாளர், வழக்கறிஞர், போராட்டக்காரர் என்றால் அது உங்கள் கவலை. என்னையும் உங்களையும் பிடிப்பதற்கு அவ்வளவு செலவு செய்ய யாருக்கும் அவசியமில்லை; ஒரு கல்யாணப் பத்திரிகை போதும்.

2025 ஆகஸ்டில் கேரளம் முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று இங்கே சென்ட்ரல் ஸ்டேடியத்தில் அறிவித்தார்கள். போனில் வீடியோ கால் செய்யவும் பணம் அனுப்பவும் 21 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நூறு வயது தாண்டிய ஒருவரும் கற்றுக்கொண்டார். சின்ன காரியமில்லை, உண்மையில் பெருமைதான். அந்தப் பாடத்திட்டத்தில் அடுத்த பாடமாகப் பர்மிஷன் மேனேஜரைச் சேர்த்தால் நன்றாக இருக்கும். குடும்பஸ்ரீ சேச்சிமார் நினைத்தால் ஒரே ஓணத்துக்குள் முடித்துவிடுவார்கள்.

நேரம் ஆகிவிட்டது. பின்னால் இரண்டு மேசை போட்டிருக்கிறது. கல்லூரிப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். போனில் மைக், கான்டாக்ட்ஸ், அக்சஸிபிலிட்டி மூன்றையும் உங்கள் கண் முன்னால் திறந்து காட்டுவார்கள். எதை எடுப்பது, எதை வைப்பது என்று நீங்களே தொட வேண்டும், அவர்கள் தொட மாட்டார்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வரிசையில் நின்றபடி, "நாலு ஏழு ஒண்ணு ஒண்ணு, திறந்துக்கோ தம்பி" என்று பின் நம்பரை உரக்கச் சொல்லாதீர்கள். போன மாதம் இன்னொரு ஊரில் இதே பேச்சை ஒரு மணி நேரம் கேட்டுத் தலையாட்டிவிட்டு, முதலில் வந்த அண்ணாச்சி அப்படித்தான் சொன்னார்.